ஸ்டீராய்டு மாத்திரையை எப்படி உட்கொள்வது, எப்படி நிறுத்துவது

மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் இரண்டு வகை மனிதர்களை அன்றாடம் பார்க்கிறோம். "இது ஸ்டீராய்டுதானே, இதை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று அட்டையைத் திருப்பித் தருபவர் ஒருவர். மூட்டுவலிக்கென்று தெருமுனையில் காகித உறையில் போட்டுத் தரும் 'செட்டு மாத்திரை'யை மூன்று ஆண்டுகளாக விழுங்கிவிட்டு, அதில் ஸ்டீராய்டு இருந்தது தெரியாமலேயே முகம் உப்பிப்போய் வந்து நிற்பவர் இன்னொருவர். முதலாமவர் தமக்குத் தேவையான மருந்தைத் தள்ளுகிறார்; இரண்டாமவர் கணக்கில்லாமல் தின்கிறார். எந்த வடிவில் எடுத்தோம், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எப்படி நிறுத்தினோம் என்ற கணக்குத்தான் இந்த மருந்தில் நன்மையையும் தீமையையும் பிரிக்கிறது. அந்தக் கணக்கை நோயாளியும் வீட்டாரும் எப்படி வைத்துக்கொள்வது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அளவை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசையை ஏற்றுவதற்காகச் சிலர் போட்டுக்கொள்பவை அனபாலிக் ஸ்டீராய்டுகள். அவை ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனின் உறவுகள். ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் மருத்துவர் எழுதுபவை கார்ட்டிகோஸ்டீராய்டுகள். மூலக்கூறின் அடிப்படைச் சட்டம் ஒன்றுபோல இருப்பதால் குடும்பப்பெயர் ஒன்றாகிவிட்டது. வேலையோ நேர்மாறு: முன்னது தசையை வளர்க்கும், பின்னதை நெடுநாள் உட்கொண்டால் தசை கரையும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்ததுபோல ஓர் அட்ரினல் சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதன் புறணிப் பகுதியில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. புறணிக்குரிய கார்ட்டெக்ஸ் என்ற பெயரிலிருந்துதான் கார்ட்டிகோஸ்டீராய்டு என்ற பெயர் வந்தது. கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். கடுங்காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் சுரப்பு பல மடங்காகும். சுரப்பியை இயக்குவது மூளை: அதன் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி அட்ரினலைத் தட்டி எழுப்பும். இரத்தத்தில் கார்ட்டிசால் போதிய அளவில் இருந்தால் மேலிருந்து வரும் உத்தரவு நின்றுவிடும். அந்தக் கார்ட்டிசால் சுரப்பியிலிருந்து வந்ததா, மாத்திரையாக வந்ததா என்று மூளை பிரித்துப் பார்ப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை ஏன் படிப்படியாகக் குறைக்கிறோம் என்ற கேள்விக்குப் பின்னால் இதுவே விடையாக வரும்.

நலமாக உள்ள ஒருவரின் உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் ஏறத்தாழ 5 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கு ஈடானது. சீட்டில் 40 மி.கி. என்று எழுதியிருந்தால், உடல் தானாகச் செய்வதைப்போல் எட்டு மடங்கை உள்ளே அனுப்புகிறோம் என்று பொருள். வீக்கமும் வலியும் காய்ச்சலுமாக வெளியே தெரியும் அழற்சியை அடக்க அத்தனை தேவைப்படுகிறது. பக்கவிளைவுகளும் அந்த மிகையிலிருந்தே வருகின்றன.

ஸ்டீராய்டு மூலக்கூறு கொழுப்பில் கரையக்கூடியது. ஆகவே அது செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கே அதைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, சிலவற்றை அடக்கி வைக்கிறது. அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்களின் உற்பத்தி குறைகிறது. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின், மூச்சுக்குழாயைச் சுருக்கும் லியூகோட்ரையீன் ஆகிய இரண்டுக்கும் மூலப்பொருளான அரகிடோனிக் அமிலம் வெளிவருவதே தடைபடுகிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஒரு வாய்க்காலை மட்டும் அடைக்கின்றன என்றால், ஸ்டீராய்டு மடையையே மூடுகிறது. ஆனால் மரபணு வழியாக வேலை நடப்பதால் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். மூச்சுத்திணறலோடு வருபவருக்கு அந்த நிமிடத்தில் நிம்மதி தருவது நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால்தான். கூடவே போடும் ஸ்டீராய்டு ஊசி அன்று மாலையில் திணறல் திரும்பி வராமல் இருப்பதற்கானது.

இதே ஏற்பி உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. மூட்டில் வீக்கத்தை வற்றவைக்கும் அதே மருந்து, கல்லீரலில் சர்க்கரை உற்பத்தியைக் கூட்டும், எலும்பு கட்டும் செல்களைச் சோர்வாக்கும், தோலை மெலியவைக்கும், நோய்க்கிருமியோடு சண்டையிடும் வெள்ளணுக்களின் கையைக் கட்டும். இதை மருத்துவ உலகம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. 1948 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் குழுவினர், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் இருந்த ஒரு பெண்ணுக்குப் பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர்பெற்ற பொருளை ஊசி வழியே செலுத்தினார்கள். ஒரு வாரத்தில் அவர் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். 1950-இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உப்பிய முகங்களும் மனக்குழப்பமும், நிறுத்தியதும் திரும்பிவரும் வலியும் அதற்குள்ளாகவே மருத்துவர்களின் கண்ணில் பட்டுவிட்டன.

சீட்டு கைக்கு வந்ததும்

மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் முதலில் படியுங்கள். வைசலோன், ஓம்னாகார்ட்டில் முதலியவை பிரெட்னிசலோனின் வணிகப் பெயர்கள். மெட்ரால் என்பது மெத்தில்பிரெட்னிசலோன். மருத்துவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 5 மி.கி. பிரெட்னிசலோனும், 20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோனும், 4 மி.கி. மெத்தில்பிரெட்னிசலோனும், 6 மி.கி. டெஃப்லசகார்ட்டும், 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோனும் வலிமையில் ஏறத்தாழச் சமம். அரை மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் பார்வைக்குக் கடுகு போன்ற மாத்திரை. அதில் மூன்றை ஒரு நாளில் விழுங்கினால் 10 மி.கி. பிரெட்னிசலோன் எடுத்ததற்குச் சமமாகிவிடும். செட்டு மாத்திரை உறைகளில் அதிகம் கண்டது இந்தச் சின்ன மாத்திரையைத்தான்.

பிரெட்னிசலோன் 5, 10, 20, 40 மி.கி. என்று பல அளவுகளில் வருகிறது. அட்டையின் தோற்றம் ஒன்றுக்கொன்று நெருங்கியே இருக்கும். ஒரு முதியவர், "காலையில் நாலு மாத்திரை" என்று மனப்பாடமாக வைத்திருந்தார். மருத்துவர் எழுதியது 5 மி.கி. மாத்திரை நான்கு, அதாவது 20 மி.கி. அடுத்த மாதம் ஊரில் உள்ள ஒரு கடையில் 5 மி.கி. இருப்பில் இல்லாததால் 20 மி.கி. அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வழக்கம்போல நான்கை விழுங்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு நாள் கழித்து, தூக்கமே இல்லாமல், சர்க்கரை 400-ஐத் தாண்டி எங்களிடம் வந்தபோது பையில் இருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. ஆகவே 'எத்தனை மாத்திரை' என்று நினைவில் வைக்காதீர்கள். 'எத்தனை மில்லிகிராம்' என்று வையுங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் அளவும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பெயர் எழுதாத உறையிலோ, மூலிகைப் பொடி என்ற பெயரிலோ வாங்கிய மருந்து, பல ஆண்டு மூட்டுவலியையோ இளைப்பையோ இரண்டே நாளில் பறக்கடித்து, பசியையும் கிளப்பிவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுவதே முறை. அப்படிப்பட்டதை மாதக்கணக்கில் எடுத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் தூக்கி எறிந்துவிட்டால் இன்னொரு ஆபத்தில் விழக்கூடும். உறையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், எத்தனை நாளாகத் தின்கிறோம் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

எப்போது, எப்படி விழுங்குவது

நாளுக்கு ஒரு வேளை என்றால், காலைச் சிற்றுண்டி முடிந்ததும், எட்டு மணியை ஒட்டி. உடலின் கார்ட்டிசாலே காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால், அந்த நேரத்தில் வரும் மாத்திரை சுரப்பியை அடக்குவது ஓரளவு குறைவு. இரவுத் தூக்கமும் அதிகம் கெடாது. ஒரு வேளை மறந்து அன்றைக்கே நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. விரத நாள் என்று விடக்கூடாத மருந்துகளில் இது முதன்மையானது. ஏகாதசியானாலும் நோன்பானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு என்றாலே இரைப்பையில் புண் வரும் என்ற அச்சம் பரவலாக உண்டு. ஸ்டீராய்டு தனியாக உண்டாக்கும் ஆபத்து சிறியது. அதோடு டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை சேரும்போதுதான் அது வெகுவாக ஏறுகிறது. ஆகவே கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை இந்தக் காலத்தில் ஒதுக்கிவிட்டு, தேவைப்பட்டால் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் ஆகியவையும் ஸ்டீராய்டைக் கல்லீரல் விரைவில் சிதைக்கும்படி செய்து பலனைக் குறைத்துவிடும்; இவற்றில் ஏதாவது எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எதை, எப்போது எதிர்பார்ப்பது

முதல் வாரத்திலேயே தெரிபவை பசியும் தூக்கமின்மையும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுக்களை டப்பாக்களைத் துடைத்து அடுக்கிவைக்கும் அம்மாவைப் பற்றி ஒரு மகள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த அம்மா அப்போது 40 மி.கி.-இல் இருந்தார். இந்த அளவு சுறுசுறுப்பு பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் ஓயாத பேச்சு, காரணமில்லாத சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, சாகவேண்டும் என்ற பேச்சு ஆகியவை தோன்றினால் அது மருந்தால் வந்த மனக்கோளாறு. மந்திரிக்க அழைத்துப் போகாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அளவைக் குறைத்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள்.

சர்க்கரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பரிசோதனையே ஏமாற்றுகிறது. காலையில் விழுங்கிய பிரெட்னிசலோனின் பிடி மதியத்திலிருந்து மாலைவரை இறுகி, இரவில் தளர்ந்துவிடும். அதனால் மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் 95 என்றும் 100 என்றும் அழகாக வரும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 260 இருக்கும். முன்பு சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் இது வரலாம். ஆகவே, சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே மதிய உணவுக்குப் பிந்தைய அளவைப் பாருங்கள். ஏற்கெனவே இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் பேசி அளவைச் சீரமைத்துக்கொள்ளவும், ஸ்டீராய்டு குறையும்போது இன்சுலினையும் கூடவே குறைக்கவும் வேண்டும். பின்னதை மறந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும்.

உப்பும் நீரும் உடலில் தங்குவதால் கால் வீங்கும், இரத்த அழுத்தம் ஏறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் மருந்துக்காலம் முடியும்வரை தள்ளிவைப்பது, சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லும் பொதுவான அறிவுரையைவிடப் பின்பற்ற எளிது என்பது என் அனுபவம். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள்.

மாதங்கள் நகரும்போது முகம் நிலாவாக வட்டமாகும், பிடரியில் கொழுப்பு திரளும், வயிற்றில் ஊதா நிற வரிகள் ஓடும், லேசாக இடித்தாலும் கையில் கன்றிப்போகும். இவை கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரையும் வருத்துகின்றன. ஆனால் அளவு குறைந்தபின் முகமும் கொழுப்பும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாதவை கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை. எலும்பு தேய்வது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் மிக வேகமாக நிகழ்கிறது, ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு தேவைப்படும் என்று தெரிந்தால் எலும்புப் பாதுகாப்பை முதல் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், அதோடு வைட்டமின் டி. 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.-க்கு மேல் கால்சியம் உண்டு. கேழ்வரகும் பாலும் மோரும் எள்ளும் வீட்டிலேயே இருக்கும் கையிருப்பு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களுக்கும் தனி மருந்தே தேவைப்படலாம். குனிந்து குடத்தைத் தூக்கும்போது முதுகில் 'சடக்'கென்று வலி பிடித்து விடாமல் இருந்தால், அதைத் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

இடுப்பு மூட்டின் பந்துக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு செத்துப்போவது இன்னொரு சங்கதி. அது தொடை இடுக்கில், நடக்கும்போது வலியாகத் தொடங்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால் தொடைத் தசை கரைகிறது என்று பொருள். கண்புரையும் கண்நீர் அழுத்தமும் வரக்கூடும் என்பதால் நெடுநாள் எடுப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணைக் காட்ட வேண்டும். கண்நீர் அழுத்தம் நோயாளிக்குத் தெரியாமலே பார்வையைத் தின்றுவிடும்.

தொற்று

ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தொற்று எளிதில் வரும் என்பது பாதி உண்மை. வந்தது வெளியே தெரியாது என்பது மீதிப் பாதி. காய்ச்சலும் வலியும் வீக்கமும் அழற்சியின் அடையாளங்கள். அழற்சியையே அடக்கிவிட்டால், குடலில் துளை விழுந்தவர்கூட லேசான வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆகவே இவர்களுக்கு 100 டிகிரிக் காய்ச்சலும் பெரிய காய்ச்சல்தான்.

நம் நாட்டில் பலரின் உடலிலும் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. நாளுக்கு 15 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோனை ஒரு மாதத்துக்கு மேல் எடுப்பது அதை எழுப்பிவிடக்கூடும். தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதனால்தான். வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்பவர்களின் பாதம் வழியே நுழையும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு, சத்தமில்லாமல் பல ஆண்டு குடலில் இருந்துவிட்டு, ஸ்டீராய்டு கிடைத்ததும் பெருகி உயிருக்கே உலை வைக்கும். விவசாய வேலை செய்பவர்கள் அதை மருத்துவரிடம் சொன்னால் முன்னதாகவே குடற்புழு மாத்திரை தந்துவிடலாம். வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது சின்னம்மை போட்டிருந்து, உங்களுக்கு முன்பு அம்மை வந்ததில்லை என்றால், கொப்புளம் தெரியும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரே மருந்து நேரத்தைப் பொறுத்து மருந்தாகவும் நஞ்சாகவும் மாறும் என்பதைக் கொரோனா காலம் எல்லாருக்கும் காட்டியது. 2020 ஜூனில் வெளிவந்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், நாளுக்கு 6 மி.கி. டெக்ஸாமெத்தசோனைப் பத்து நாள்வரை கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் இல்லை. ஆனால் 2021-இல் இங்கே லேசான காய்ச்சலுக்கும், அளவு மீறியும், சர்க்கரையைப் பார்க்காமலும் ஸ்டீராய்டு எடுக்கப்பட்டது. கருப்புப் பூஞ்சை என்று அழைக்கப்பட்ட மியூகார்மைகோசிஸ் பரவியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு; அந்த ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது.

குழந்தைக்கு என்றால்

நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறில், காலையில் எழும்போது குழந்தையின் கண்ணிமை வீங்கியிருக்கும், சிறுநீர் நுரைக்கும், புரதம் ஒழுகிக்கொண்டிருக்கும். இதற்கு முதல் மருந்து பிரெட்னிசலோன்: முதன்முறை வரும்போது பொதுவாக, எடையில் கிலோவுக்கு 2 மி.கி. வீதம், 60 மி.கி.-ஐத் தாண்டாமல் ஆறு வாரம் தினமும். பிறகு கிலோவுக்கு 1.5 மி.கி. வீதம், 40 மி.கி.-ஐத் தாண்டாமல் ஆறு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதிலேயே புரதம் நின்றுவிடும். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தினமும் காலைச் சிறுநீரில், புரதம் இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டையை நனைத்து அதன் நிறத்தை எழுதிவையுங்கள். பட்டை கிடைக்காத இடங்களில், சோதனைக் குழாயில் எடுத்த சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டால், புரதம் இருக்குமானால் தயிர்போலத் திரியும். மூன்று நாள் தொடர்ந்து பட்டையின் நிறம் மூன்று கூட்டல் குறி (+++) அளவைக் காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள்; வீக்கம் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகலாம்.

இந்தக் குழந்தைகளின் உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் குறித்து வையுங்கள், ஏனெனில் தினசரி ஸ்டீராய்டு வளர்ச்சியை மட்டுப்படுத்தும். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளை அதிக அளவு ஸ்டீராய்டு நடக்கும்போது போடக்கூடாது. போலியோ சொட்டு மருந்து முகாமுக்குத் தெருவே கிளம்பும்போது இந்தக் குழந்தையை மட்டுமல்ல, அதன் தம்பி தங்கையையும் அழைத்துச் செல்லுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நிறுத்துவது

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி உத்தரவு அனுப்புவதை விட்டுவிடும். உத்தரவு வராத அட்ரினல் வாரக்கணக்கில் சும்மா இருந்து சுருங்கிப்போகும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், மாத்திரையும் இல்லை, சுரப்பும் இல்லை என்றாகிவிடும். வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் சரிவது, நினைவு மங்குவது என்று போய் உயிரையே பறிக்கக்கூடிய அவசரநிலை அது. இங்கே இது பெரும்பாலும் மருந்து தீர்ந்துபோய், கடை அடைத்திருந்து, "ரெண்டு நாள் கழித்து வாங்கிக்கலாம்" என்று விட்டவர்களுக்கு வருகிறது. ஆகவே கடைசி அட்டையைத் திறக்கும் நாளே அடுத்த அட்டை வாங்கும் நாள்.

ஆஸ்துமா முற்றிய நேரத்தில் தரப்படும் ஐந்து, ஏழு நாள் மாத்திரையைப் பொதுவாக அப்படியே நிறுத்திவிடலாம். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர்களும், குறுகிய காலச் சிகிச்சையை ஓராண்டுக்குள் பலமுறை பெற்றவர்களும் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். முடக்குவாதம் போன்ற நோய்களில் இறக்கம் பெரும்பாலும் இப்படி அமையும்: 40-இலிருந்து 20 வரை வாரம் ஐந்தைந்தாக, 20-இலிருந்து 10 வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரண்டரையாக, 10-க்குக் கீழே மாதம் ஒரு மில்லிகிராமாக. மேலே வேகமாக இறங்கி, கீழே வரவர மெதுவாவதைக் கவனியுங்கள். உடலின் இயல்பான சுரப்புக்கு நிகரான 5 மி.கி.-ஐ நெருங்கும்போதுதான் உறங்கிய சுரப்பி விழித்தாக வேண்டும். "இவ்வளவு குறைத்துவிட்டோம், இந்தக் கொஞ்சத்தையும் விட்டுவிடலாம்" என்று எல்லாருக்கும் தோன்றுவதும் அந்த இடத்தில்தான்.

இந்த அட்டவணையை மருத்துவர் சீட்டில் நான்கு வரியில் எழுதித் தருவார்; அதைச் சுவரில் தொங்கும் நாள்காட்டிக்கு மாற்றுவது உங்கள் வேலை. ஒவ்வொரு நாள் கட்டத்திலும் மில்லிகிராமை எழுதி, விழுங்கியதும் அடித்துவிடுங்கள். இறங்கும்போது உடம்புவலி, அசதி, குமட்டல் வந்தால், பழைய நோய் திரும்பியதா, உடல் இறக்கத்துக்குப் பழகவில்லையா என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். அந்த நாள்காட்டித் தாளை எடுத்துச் சென்றால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

உறிஞ்சியும் களிம்பும் கண் சொட்டும்

இன்ஹேலரைக் கண்டு மாத்திரைக்குப் பயப்படுவதுபோலப் பயப்பட வேண்டியதில்லை. அதில் 200 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால், அது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. இன்ஹேலரோடு பொருத்தும் குழலான ஸ்பேசரை வைத்து இழுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்பூஞ்சையும் குரல் கம்மலும் பெரும்பாலும் வராது. இளைப்பு இல்லாத நாளிலும் இழுக்க வேண்டிய மருந்து இது.

களிம்பில் நிலைமை தலைகீழ்; பயப்பட வேண்டிய இடத்தில் யாரும் பயப்படுவதில்லை. படர்தாமரைக்கு என்று வாங்கும் பல கூட்டுக் களிம்புகளில் குளோபீட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு அன்றே அடங்கும், பூஞ்சையோ கீழே பரவிக்கொண்டே போகும், வட்டத்தின் வடிவமே மாறி மருத்துவரும் அடையாளம் காண முடியாத நிலை வரும். முன்கையின் உட்புறத் தோலோடு ஒப்பிட்டால் விதைப்பைத் தோல் ஏறத்தாழ நாற்பது மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சும். தொடை இடுக்கில் வரியோடுவது அதனால்தான். முகம் வெளுக்க என்று தடவுபவர்களுக்குத் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் எரியும் நிலை வருகிறது. 2018-இல் இந்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தது. கடைகளில் அது எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பது வாங்குபவர்களுக்கே தெரியும். மருத்துவர் எழுதித் தந்தால் அளவு இதுதான்: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம்; அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும்.

கண் சிவந்தால் வீட்டில் கிடக்கும் பழைய ஸ்டீராய்டு சொட்டை விடவே கூடாது. நெற்பயிரோ வைக்கோலோ கண்ணில் கீறி வரும் பூஞ்சைப் புண், தென்னிந்திய விவசாயிகளிடம் அதிகம். அதன்மேல் ஸ்டீராய்டு விழுந்தால் கருவிழியே கரைந்துபோகலாம்.

சட்டைப் பையில் ஒரு சீட்டு

மூன்று வாரத்துக்கு மேல் எடுப்பவர்களும், நிறுத்தி ஓராண்டு ஆகாதவர்களும், ஒரு சிறிய அட்டையில் மருந்தின் பெயர், இன்றைய மில்லிகிராம், தொடங்கிய தேதி, என்ன நோய்க்கு, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிப் பணப்பையிலோ கைப்பேசி உறைக்குள்ளோ வைத்திருக்க வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுங்கள். காய்ச்சல் வந்தால் எத்தனை நாளைக்கு எவ்வளவு கூட்டுவது என்பதை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு அந்த அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். வாந்தி நிற்காமல் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், கேட்பதற்கு முன்பே, "நான் ஸ்டீராய்டு எடுப்பவன், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படலாம்" என்று சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு அங்கே முதலில் போடும் அளவு 100 மி.கி. நோயாளி பேசும் நிலையில் இல்லாவிட்டால் உடன் வந்தவர் அந்த அட்டையை எடுத்து நீட்டட்டும். அது எந்தப் பையில் இருக்கிறது என்பது வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.